கப்பலுக்கு அடியில் ஒரு வியாழக்கிழமை

முக்குளிப்பவரான எவர்ட் இரண்டு வருஷமாக ஒரு போர்க்கப்பலின் வயிற்றைத் தடவிக்கொண்டிருக்கிறார். இன்னும் அதன் மூஞ்சியைப் பார்த்ததில்லை. ஸ்டாக்ஹோம் துறைமுகத்தின் அடியில் அப்படியொரு கும்மிருட்டு.

ஸ்வீடன் ராஜா ஆசையாய்க் கட்டிய வாசா என்ற அந்தக் கப்பல், முதல் பயணத்திலேயே, கரையில் நின்றவர்கள் கையாட்டி முடிப்பதற்குள் சாய்ந்து மூழ்கிப்போனது. முந்நூறு வருஷத்துக்கும் மேலாகிவிட்டது. இப்போது அதைத் தூக்க இரும்புக் கயிறு போட வேண்டும். கயிறு நுழைய, கப்பலுக்குக் கீழே சேற்றில் சுரங்கம் வேண்டும். எவர்ட் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சிச் சேற்றைக் கரைத்தபடி, குப்புற ஊர்ந்துபோவார்.

தீவுக்கார மீனவர் மகன். வாயைத் திறக்கக் கூலி கேட்பார் போலிருக்கும். அவர் பூட்ஸுக்குள் நான் ஒரு பச்சை மீனைப் போட்டுவைத்தேன். அதை வறுத்துத் தின்றுவிட்டு முள்ளை என் தொப்பிக்குள் வைத்தார். இந்த மாதிரிச் சேட்டைக்குத்தான் என்னைப் பள்ளிக்கூடம் துரத்தியது. முக்குளிப்பவர்கள் இறங்கும் கடற்படைப் படகின் அடுப்படி சேர்த்துக்கொண்டது.

படகில் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு கீழே இருப்பவரோடு பேசுவது ருரிக்கின் வேலை. எவர்ட்டின் கூட்டாளி. அவரிடம் மட்டும் எவர்ட் வாய் திறப்பார்; இருவருக்கும் வசவுதான் பேச்சு.

அன்று வியாழக்கிழமை. எங்கள் நாட்டில் வியாழன் என்றால் பட்டாணி சூப், பின்னால் பான்கேக். ராஜாவே வந்து சொன்னாலும் மாறாது. எவர்ட்டின் பங்கைத் தட்டில் எடுத்துவந்தபோது தொலைபேசி கரகரத்தது.

"ருரிக்... பின்னால சேறு சரிஞ்சிடுச்சு. இடுப்புக்குக் கீழ அசையல."

இன்னொருவர் உடுப்பு மாட்டி இறங்க நேரமாகும். எவர்ட்டுக்கு மூச்சு இரைத்தது. பதறி இரைத்தால் ஹெல்மெட்டுக்குள்ளேயே மயக்கம் வந்துவிடும்.

ருரிக் என் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினார்.

"டேய், நீ வர லேட்டாகும்னா உன் பான்கேக்கை நான் தின்னுடுறேன்."

"தொட்டே... கையை ஒடிப்பேன்."

"ஒண்ணு போச்சு. ஆகா, ஓரமெல்லாம் மொறுமொறு!"

"திருட்டுப் பயலே!" இரைப்பு சற்று அடங்கியது.

"குழாயைப் பின்பக்கம் திருப்புடா. மெதுவா! அவசரப்பட்டா கப்பல் உன் தலையில உக்காந்துடும். அதுக்கு விழறது ஒண்ணுதான் தெரியும்."

"ஜாம் இருக்கா?"

"வழிச்சு நக்கிட்டேன்."

இப்படியே வசவும் தண்ணீருமாய், எவர்ட் தன் கால்களைத் தானே தோண்டி எடுத்தார். "கால் வந்துடுச்சு" என்று கேட்டதும் ருரிக், அவரை மேலே இழுக்கச் சொல்லிக் கையை ஆட்டினார்.

மேலே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் எவர்ட் கேட்டார்: "மிச்சம் ஏதாவது வெச்சியா?"

தட்டு ருரிக்கின் மடியில் இருந்தது. ஒரு பான்கேக் கூடக் குறையவில்லை. ஜாம் போட்டது போட்டபடி இருந்தது. விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் வெளுத்துப்போயிருந்தன.

எவர்ட் தட்டைப் பார்த்தார். ருரிக்கைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றைச் சுருட்டி ருரிக்கின் வாயில் திணித்தார்.

"பொய் சொல்ற வாய்க்கு."

எனக்கும் ஒரு கேலி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டு சூப்பைக் கிண்டப் போய்விட்டேன்.