கம்பைலர் என்று ஒரு பாராட்டு

சான் ரமோனில் நான் வேலை பார்த்த ஆபீஸில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டோடு ஒரு சடங்கு உண்டு. எங்கள் மேனேஜர் மினசோட்டாக்காரர், ஐஸ் ஹாக்கி பைத்தியம். மீட்டிங் ரூம் பலகையில் யாராவது ஒரு ஆட்டக்காரரின் கோல் கணக்கை எழுதிவிட்டு, இந்த ஆள் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தகுதியா இல்லையா என்று எங்களிடம் ஓட்டுக் கேட்பார். ரிட்டயர் ஆன மகா ஆட்டக்காரர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் கௌரவம் அது. தகுதி என்றால் கையைத் தூக்க வேண்டும். எங்கள் ஓட்டை அந்த மண்டபத்துக்காரன் எவனும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

எனக்கு ஹாக்கி என்றால் மைதானத்தில் குனிந்து ஓடுவது. ஐஸ் மேல் ஆளை ஆள் சுவரோடு சேர்த்து நசுக்குவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும். பக்கத்து க்யூபிக்கிளில் இருந்த பொள்ளாச்சிக்காரர் அப்படியில்லை. என்னைவிட எட்டு வயது மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். தயிர்சாத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு பலகையை வரி வரியாகப் படிப்பார். படித்துவிட்டு எப்போதும் கையைத் தூக்கிவிடுவார்.

"என்னண்ணா, எல்லாரையும் உள்ள அனுப்பறீங்க?"

"இருபது வருஷம் அடி வாங்கியிருக்கான் தம்பி. பாவம், போகட்டும் உடு."

இரண்டாயிரத்து ஒன்றின் தொடக்கத்தில் ஒரே ஒரு ஆட்டக்காரரைப் பற்றி மூன்று வாரம் சண்டை நடந்தது. வருடம் தவறாமல் ஆடியவர். கோல்கள் ஏகத்துக்கும் சேர்ந்திருந்தன. ஆனால் கோப்பை ஜெயித்ததில்லை, எந்த வருடமும் முதல் ஆளாக நின்றதுமில்லை. மூன்றாவது வாரம் மேனேஜர் பேனாவால் பலகையைத் தட்டி, "ஹி இஸ் எ கம்பைலர்," என்றார்.

நானும் அண்ணாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்களுக்குத் தெரிந்த கம்பைலர் ஒன்றுதான். நாங்கள் எழுதுகிற ப்ரோக்ராமைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றிக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் ஒரு வரி ஓடாது.

"கேட்டியா? கம்பைலர்ங்கறான்," என்றார் அண்ணா, என் காதோடு. "இதுக்கு மேல ஒருத்தனை என்னன்னு புகழறது?"

இருவரும் கையைத் தூக்கினோம். வேறு யாரும் தூக்கவில்லை. இவனுங்களுக்கு ரசனையே கிடையாது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு திமிர்.

மார்ச்சில் ஆட்குறைப்பு ஆரம்பித்தது. அண்ணாவுக்கு டெக்சாஸிலிருந்து ஒரு வேலை வந்திருந்தது. போகலாமா வேண்டாமா என்று அந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். க்ரீன் கார்டு வேலையை எங்கள் கம்பெனி ஆரம்பித்திருந்தது, போனால் அங்கே மறுபடி முதலிலிருந்து. இங்கேயே இருந்து வேலை போனாலோ, எச்-ஒன் விசாவும் போய்விடும். நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும். மகள் ஐந்தாம் வகுப்பு. தமிழில் பேசினால் புரியும், எழுதப் படிக்கத் தெரியாது.

"நீ டீம் லீட். உனக்கு எதாச்சும் தெரிஞ்சா சொல்லு தம்பி. உன்னை நம்பித்தான் இருக்கேன்," என்றார்.

மறுநாளே மேனேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். டீமில் ஒருவரை அனுப்ப வேண்டும், அண்ணாவா புதிதாகச் சேர்ந்தவரா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். பிறகு அண்ணாவின் பெயரைச் சொல்லி, "ஹி இஸ் எ கம்பைலர், இல்லையா?" என்று கேட்டார்.

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "சந்தேகமே வேண்டாம். நம்ம டீமிலேயே பெரிய கம்பைலர் அவர்தான்," என்றேன். அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். ஒளிக்காமல் சொன்னதற்கு நன்றி என்றார்.

நேராக அண்ணாவிடம் போய், "டெக்சாஸ் வேண்டாம்னு சொல்லிடுங்கண்ணா. கவலையே படாதீங்க," என்றேன். அன்று மதியமே அவர் போன் பண்ணிச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அவரை ஹெச்.ஆர். கூப்பிட்டது. திரும்பி வந்து அட்டைப்பெட்டியில் சாப்பாட்டு டப்பாவையும் மகள் வரைந்த படத்தையும் வைத்தார். செக்யூரிட்டி ஆள் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

மேனேஜரிடம் போய் ஏன் என்று கேட்டேன். "நீயும்தானே ஒத்துக்கொண்டாய்," என்று பொறுமையாக விளக்கினார். பெரிதாக எதுவும் சாதிக்காமல், வருடக்கணக்கில் நீடித்து நின்றே எண்ணிக்கையைச் சேர்த்துக்கொண்டவனுக்கு விளையாட்டில் கம்பைலர் என்று பெயராம். நல்ல மனிதர்தான், ஆனால் அந்த ஆட்டக்காரர் மாதிரி என்றார்.

நான் தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "ஓகே" என்றுதான் வந்தது. என் விசாவும் அதே எச்-ஒன்தான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி உடம்பெல்லாம் மரத்திருந்தது. சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, பாதியில் விட்டிருந்த ப்ரோக்ராமை முடித்தேன். அது சரியாக ஓடியது.

டெக்சாஸில் அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். அண்ணா எங்கெங்கோ அப்ளை பண்ணினார், எங்கேயும் ஆள் எடுக்கவில்லை. ஒருநாள்கூட என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏர்போர்ட்டுக்கு நான்தான் ட்ரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். பெட்டிகளை இறக்கி வைத்ததும் அண்ணா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அவன் என்னைப் பத்தி என்னதான் சொன்னான் தம்பி? நெஜத்தைச் சொல்லு."

"கம்பைலர்னு சொன்னார்ண்ணா."

இரண்டு மாதமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்தில் வந்தது. "அப்படியா சொன்னான்?" என்று மறுபடி கேட்டார். ஆமாம் என்றேன். உடனே மனைவி பக்கம் திரும்பி, "கேட்டியா? என்னைக் கம்பைலர்னு சொன்னானாம்," என்றார்.

"அப்படின்னா என்னங்க?"

அது இல்லாவிட்டால் ஒரு வரி ஓடாது என்று மனைவிக்கு விளக்கிக்கொண்டே வரிசையில் நகர்ந்தார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கையைத் தூக்கினேன்.