பனியன் துணியில் தைத்த பை

திருப்பூர் நெருப்பெரிச்சல் ஊரில் அந்த நிட்டிங் கம்பெனிக்குள் காலை வைத்தால் முதலில் கண்ணில் படுவது மெஷின் அல்ல, பஞ்சுதான். நூல் ஓடுகிற இடத்தில் பஞ்சு பறக்காமல் என்ன செய்யும்? பறந்தது சும்மாவும் கிடக்காது. குழல்விளக்கில் தொங்கும், மின்விசிறி இறக்கையில் தாடி வளர்க்கும், மனிதன் மூக்குக்குள் புகுந்து குடியிருக்கும். அந்தோணிராஜின் நெஞ்சில் அப்படித்தான் போய் உட்கார்ந்தது.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்னே திருப்பூருக்கு வந்தவன் அவன். வந்த நாளிலிருந்து பின்னல் மெஷின்தான் அவனுக்குத் தெரியும். அவன் பெண்டாட்டி அன்புசெல்வி அதே கம்பெனியில் கூட்டித் துடைக்கிறவள். தூசியை விடு, இல்லாவிட்டால் வேலையை விடு என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வேலைய விட்டுட்டு மண்ணையா திங்க?" என்றான் அந்தோணிராஜ், ஆஸ்பத்திரி வாசலிலேயே.

"அப்ப தூசிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அவள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பு இல்லை.

அதற்கு முன்னெல்லாம் அங்கே ஏர் அடிப்பார்கள். காற்றுக் குழாயைத் திருப்பிவிட்டால் மெஷினில் இருக்கிற பஞ்சு மனிதன் மேல் வரும், அவ்வளவுதான். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சோதிக்க வந்த ஆட்கள் அது கூடாது என்று சொல்லவும், முதலாளி ரத்தினசாமி பெரிய வேக்குவம் கிளீனர் ஒன்றை வாங்கி வந்து இறக்கினார். பழனிக்குக் காவடி எடுக்கிற மனிதர். கெட்டவர் இல்லை, எதையும் நாளைக்குப் பார்க்கலாம் என்கிறவர்.

"செல்வி, இனி இது உன்ற பொறுப்பு அம்மிணி. கெட்டுது கிட்டுதுன்னு எங்கிட்ட வரப்படாது."

"கெடாது அண்ணாச்சி."

"அண்ணாச்சின்னு கூப்புடாதேன்னு எத்தன வாட்டி சொல்றது? மளியக் கடைக்காரனாட்ட இருக்குது."

"சரிங்க அண்ணாச்சி."

பெற்ற பிள்ளையைக்கூட ஒருத்தி அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். பை பாதி நிறையும்போதே கொட்டிவிடுவாள். முழுக்க நிறைந்தால் இழுவை செத்துப்போகும் என்பது அவளுக்கு இரண்டாம் நாளே பிடிபட்டுவிட்டது. பிரஷ்ஷில் சுற்றிய நூலைக் கத்தரியால் வெட்டி வெட்டி எடுப்பாள். குழாயில் கீறல் விழுந்தால் டேப் சுற்றுவாள். பைக்கும் உள்ளே தூளைத் தடுக்கிற பில்டரைத் தட்டி, அலசி, வெயில் படாமல் ஈரம் போகக் காயவைத்துத்தான் மாட்டுவாள். எல்லாம் முடிந்தபின் குழாய் வாயில் உள்ளங்கையை வைப்பாள். கை பிய்த்துக்கொண்டு வரவேண்டும். வந்தால் அன்றைக்கு அவள் முகமே வேறு.

அந்தோணிராஜுக்கும் இருமல் தணிந்தது. படி ஏறி வந்து மூச்சு வாங்காமல் பேசினான். அதைப் பார்த்தபின் அவளுக்கு அந்த மெஷின் மேல் பக்தியே வந்துவிட்டது.

தட்டித் தட்டி அலசிய பில்டர் எத்தனை காலம் தாங்கும்? ஒரு நாள் நடுவில் கிழிந்தது. ரத்தினசாமியிடம் போய் நின்றாள்.

"கோயமுத்தூருல சொல்லியிருக்குது. வந்துரும் வந்துரும்."

வரவில்லை. ஆண்கள் மறுபடியும் காற்றுக் குழாயைக் கழற்றி எடுத்தார்கள். புஸ்ஸென்று ஒரு அடி; அந்தோணிராஜ் தலைக்கு மேல் மேகம் எழும்பி இறங்கியது. செல்வி குழாயைப் பிடுங்கி வீசிவிட்டு, கிழிந்த பில்டரோடு அடுத்த ஷெட்டுக்கு ஓடினாள். அங்கே ஓவர்லாக் தைக்கிற கலைமகள் இருந்தாள். உள்ளூர்க்காரி.

"இதுக்கா இப்புடி ஓடியாந்தீங்க? பனியன் துணியில ஒண்ணு தெச்சுப் போட்டா ஆச்சு" என்றாள் கலைமகள்.

அந்த ஊர் வழக்கம் அது. நாற்காலி கிழிந்தாலும் பனியன் துணி, வண்டி துடைக்கவும் பனியன் துணி, காயம் பட்டாலும் பனியன் துணிதான். அதனால் ஆகாத காரியம் உண்டென்று அங்கே யாரும் நினைப்பதில்லை.

முதலில் கெட்டித் துணியில் பில்டர் அளவுக்கு ஒரு பை தைத்தார்கள். மாட்டிக் கையை வைத்துப் பார்த்தால் இழுவை நோயாளி மூச்சுப் போல இருந்தது. செல்விக்குப் பிடிக்கவில்லை. மெல்லிய துணியாக எடுக்கச் சொன்னாள்.

"இது ரொம்பச் சன்னமா இருக்குதுக்கா. தூசி நிக்குமா?"

"பஞ்சு நிக்கும்லா. இழுவ வேணும்ட்டி எனக்கு."

"நாஞ் சொன்னாக் கேக்கவா போறீங்க?"

கேட்கவில்லை. மெல்லிய பையை மாட்டிச் சுவிட்சைப் போட்டாள். புதிதாக வந்த நாளில்கூட அது அப்படி இழுத்ததில்லை. அந்தோணிராஜ் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டான்.

"ஏட்டி, என் லுங்கிய உருவிராத. மானம் போயிரும்."

"இருந்தாத்தான போவும்?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

பிளக் இருந்தது அவன் மெஷினுக்குப் பக்கத்தில். வயர் நீளம் போதாது. அதனால் வேக்குவத்தின் உடம்பு அவனருகிலேயே நிற்கும். குழாயை மட்டும் அங்கும் இங்கும் இழுத்துப்போய் உறிஞ்சுவாள். மற்ற இடங்களுக்கு ஒரு சுற்று என்றால் அவனைச் சுற்றி மூன்று நான்கு சுற்று. தரை கழுவி விட்டது போல இருந்தது. பஞ்சு ஒரு துணுக்கு இல்லை.

அவனுக்கோ இருமல் திரும்பி வந்தது. முன்பு இருந்ததைப் போல அல்ல. அடிவயிற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. மழை ஈரம் என்றாள் செல்வி. திருட்டுத்தனமாகப் பீடி பிடிக்கிறானோ என்று சட்டைப் பையை மோந்து பார்த்தாள். இல்லை. அப்படியானால் தூசி இன்னும் போகவில்லை என்று, இன்னும் அதிக நேரம் அவன் பக்கத்திலேயே வேக்குவத்தை ஓட்டினாள். ஷிப்ட் முடியும் முன்னே மெஷினில் கையை ஊன்றி நிற்க ஆரம்பித்தான் அவன்.

ஒரு சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது அவன் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு பக்கம் மட்டும் காது, புருவம், பாதி மீசை எல்லாம் வெளுத்திருந்தன.

"என்ன கோலம் இது? மாவு மில்லுக்குப் போன கணக்கா."

முந்தானையால் துடைத்தாள். துடைத்ததை விரலில் தேய்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. பஞ்சு என்றால் விரலில் திரியாக உருளும். இது உருளவில்லை, மாவாக வழுக்கியது. எந்தப் பக்கம் வெளுத்திருக்கிறது என்று பார்த்தாள். வேக்குவம் நிற்கிற பக்கம்.

அவனை அங்கேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். சுவிட்சைப் போட்டாள். குழாய் வாயில் தினமும் கை வைத்தவள், பின்னால் காற்று வெளியேறுகிற சந்தில் ஒரு நாளும் வைத்ததில்லை. உள்ளங்கையை நனைத்துக்கொண்டு அங்கே நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் ரேகை தெரியாமல் வெளுத்துப்போயிற்று. பெரிய பஞ்சைப் பை பிடித்துக்கொண்டது. கண்ணுக்குத் தெரியாத தூளையெல்லாம் இழுத்த வேகத்தில் பின்னால் ஊதியது. ஊதிய இடத்தில் அவன் நின்றிருக்கிறான், நாள் முழுக்க.

பையைக் கழற்றிக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டினாள். துண்டுகளைக்கூட இன்னொருத்தர் எடுத்துத் துடைக்கக் கூடாதென்று அடுப்பில் போட்டு எரித்தாள்.

மறுவாரமே அவனை நெஞ்சு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. எந்தத் தூசி எந்த வருஷம் உள்ளே போனதென்று யாராலும் சொல்ல முடியாது, இனி கம்பெனிப் பக்கம் போகக் கூடாது என்றார் டாக்டர். முதல் பாதி செல்வி காதில் ஏறவே இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து அவனிடம் சொன்னாள்.

"நாந்தான் ஒங்க நெஞ்சுக்குள்ள ஊதிவிட்டிருக்கேன்."

பையின் கதை முழுக்கச் சொன்னாள். அவன் கேட்டான். "ஏட்டி, நான் சின்ன வயசுல இருந்து..." என்று தொடங்கினான். மீதியை இருமல் கொண்டுபோயிற்று. இருமலுக்கு நடுவே கையை மட்டும் ஆட்டினான். விடு என்றானோ, போ என்றானோ. அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

கோயமுத்தூரிலிருந்து பில்டர் அதற்கப்புறம்தான் வந்தது. அந்தோணிராஜ் நின்ற இடத்தில் ஒடிசாக்காரன் ஒருவன் நின்றான். ரத்தினசாமி குழாயில் கையை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய இழுவ இல்லியே அம்மிணி. அந்தப் பனியன் பையி ஒண்ணு தெச்சுப் போட்ருவமா?"

"போட்டா நான் குழாயத் தொட மாட்டேன்."

"அட, என்ன இப்புடிப் பேசறே?"

"தொட மாட்டேன்னா தொட மாட்டேன்."

அவர் போய்விட்டார். அவள் மெதுவாக இழுக்கிற அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தை மூன்று தடவை தேய்த்தாள்.

வீட்டில் அந்தோணிராஜ் சுவரில் தலையணை சாய்த்து உட்கார்ந்திருப்பான். படுத்தால் மூச்சு முட்டும். வேலை முடிந்து வருகிறவள் உள்ளே வர மாட்டாள். கட்டிய சேலையைக் கொல்லையிலேயே அவிழ்த்து ஊறப்போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் அவன் பக்கம் போவாள்.

"ஏட்டி, ஒரு வாய் காப்பி போட்டுத் தந்துட்டுக் குளியேன். எத்தன கொடம்தான் ஊத்துவ?"

"இரிங்க, வாரேன்" என்று அடுத்த குடத்தைத் தலையில் சரித்தாள்.