தொப்பூர் இறக்கத்தில் கழன்ற கனெக்டர்

என் கணவருக்கு எதிலும் கை தாராளம். ஆயுத பூஜைக்குக் காரில் சந்தனம் வைக்கச் சொன்னால் முன் கண்ணாடியில் பாதி மறைந்துவிடும். "சாமி காரியத்துல கணக்குப் பார்க்காத" என்பார். கிரீஸ் காரியத்திலும் அதே கைதான் என்று தெரிந்தபோது நாங்கள் தொப்பூர் இறக்கத்தில் இருந்தோம்.

பூஜைக்கு முன் வண்டியை வாட்டர் சர்வீஸுக்கு விடுவது எங்கள் பக்கத்து வழக்கம். பானெட்டைத் திறந்து என்ஜின் மேலேயே தண்ணீரைப் பீய்ச்சச் சொல்வோம். சாமி முன்னால் நிற்கிற வண்டி உள்ளும் புறமும் சுத்தமாக இருக்க வேண்டுமாம். போன வருடம் அப்படிப் பீய்ச்சியதில் ஒயர்கள் சேரும் கனெக்டர்களுக்குள் தண்ணீர் இறங்கி, நல்ல நேரத்தில் கார் ஸ்டார்ட் ஆகவில்லை. தெருவே கூடித் தள்ளியது. அந்த அவமானம் தாங்காமல் இந்த வருடம் ஒரு டியூப் டைஎலெக்ட்ரிக் கிரீஸ் வாங்கி வந்தார். பார்க்க வெள்ளையான பசை. அதில் மின்சாரம் பாயாது. கனெக்டரின் ரப்பர் ஓரத்தில் லேசாகத் தடவினால் தண்ணீரை உள்ளே விடாது. லேசாக! இவரோ ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றி, பணியாரக் குழியில் மாவு ஊற்றுவதுபோல நிரப்பி, அழுத்தி மாட்டினார். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

பூஜை முடிந்த மறுநாள் சேலத்தில் உறவுக்காரர் வீட்டில் புதுமனை புகுவிழா. அதியமான்கோட்டையில் கிளம்பும்போதே தூறல். மலைப்பாதை என்றால் அவருக்குத் தலை சுற்றும். அதனால் நான்தான் ஓட்டினேன். பின் சீட்டில் எங்கள் மகள்.

இறக்கத்தில் பாதி வந்திருப்போம், என்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பிரேக்கை இரண்டு முறை மிதித்ததும் அதுவும் கெட்டியாகிவிட்டது. அந்த இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் வந்து, பிரேக் பிடிக்காமல் மோதும் லாரிகளைப் பற்றி எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. முழு பலத்தையும் காலில் கொடுத்து இடது ஓரம் கொண்டுவந்து நிறுத்தினேன். அப்போதும் பாதி வண்டி ரோட்டில்தான் நின்றது.

"பாப்பாவ எறக்குங்க, மொதல்ல பாப்பாவ!" என்று கத்தினேன்.

அவர் அவளைத் தூக்கிக்கொண்டு போய் ஓரத் தடுப்புக்கு அந்தப்புறம் நிறுத்தினார். கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போட்டார். முன் டயருக்குக் கல் வைத்தார். பிறகு பானெட்டைத் திறந்தார்.

நான்கு இண்டிகேட்டர் விளக்குகளும் மினுக்கிக்கொண்டிருந்தன, ஹேண்ட்பிரேக் போட்டிருந்தேன், ரிவர்ஸ் கியரும் விழுந்திருந்தது. ஆனாலும் பிரேக்கிலிருந்து காலை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வண்டி உருண்டால் முன்னால் நிற்பது அவர். பின்னாலிருந்து லாரி மோதினால் இருவருமே போவோம். கண்ணாடியில் ஒவ்வொரு லாரியும் நேராக எங்கள் மேலேயே வருவதுபோல வந்து, ஹாரன் அலற, கடைசி நேரத்தில் விலகிப் போனது. ஒவ்வொன்றுக்கும் கார் ஆடியது. எனக்குத் தெரிந்த சாமி பெயர் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என்னாங்க ஆச்சு?"

"சென்சார் கனெக்டர் கழண்டு தொங்குதும்மா. கிரீஸ் நெறஞ்சு கெடக்குது, உள்ள போயி ஒக்கார மாட்டேங்குது."

அப்போதுதான் புரிந்தது. காற்றுக்குக்கூட இடமில்லாமல் அடைத்த கிரீஸ் கனெக்டரை முழுதாக உட்கார விடவில்லை. பூட்டும் கொக்கி மாட்டாமலேயே, மாட்டியதாக நினைத்துவிட்டார். ரோட்டு அதிர்வில் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து வெளியே வந்து, என்ஜினை நிறுத்தியிருக்கிறது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்! திட்ட வாயெடுத்தேன். பானெட்டின் இடுக்கில் பார்த்தால், பட்டு வேட்டி முனையைத் திரியாக முறுக்கி, கனெக்டருக்குள் விட்டுக் கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். திட்டை விழுங்கிவிட்டேன்.

இடது பக்கம் திரும்பினேன். மகள் நனைந்தபடி நின்றிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு மேலேயிருந்து இறங்கும் ரோட்டைப் பார்த்தாள்.

"கொக்கி டிக்குனு விழுந்துருச்சு! ஸ்டார்ட் பண்ணு!"

"மொதல்ல நீங்க முன்னால இருந்து நகருங்க!"

நகர்ந்தார். சாவியைத் திருப்பினேன், என்ஜின் பிடித்தது. கல்லை எடுத்து, கிளையை ஓரம் இழுத்துப் போட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டாவது கியரில், எருமை நடையாக, அடிவாரம் வரை இறங்கினேன். அங்கே ஒரு டீக்கடை வாசலில் நிறுத்தி, இருந்த கோபத்தையெல்லாம் அவர் மேல் கொட்டினேன். அவர் வேட்டி முனையில் ஒட்டிய கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மகள் பின்னாலிருந்து சொன்னாள்.

"பெரியம்மா வூட்டுக்குப் போயிரலாம்னு நெனச்சேம்மா."

"எதுக்குடி? நாம விசேஷத்துக்குல்ல போறோம்?"

"இப்ப இல்ல. அங்க நிக்கும்போது. நீங்க ரெண்டு பேரும் செத்துட்டா நான் எங்க இருக்கறதுன்னு யோசிச்சேன். மாமா வூட்லன்னா நாய் இருக்குது."