செல்லமாப் போ!

பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அந்த அம்மாளுக்குக் ‘கறார்’ என்றுதான் பட்டப்பெயர். ஒரே ஒரு பிள்ளை பெல்ட் போடாவிட்டாலும் வண்டி நகராது. பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தே உயிரை விட்டாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பெண்பிள்ளைகளின் சாஃப்ட்பாலுக்கு அம்பயர். அங்கேயும் அதே கதைதான்.

அவள் தம்பி கோச். ஊரே மெச்சும் கோச்! அவன் அணிப் பெண்கள் ஓட்டத்தை முடிக்க ஹோம் பேஸுக்கு ஓடி வரும்போது கோட்டோரம் நின்றுகொண்டு, “செல்லமாப் போ! செல்லமாப் போ!” என்று கத்துவான். கேட்கிறவர்களுக்கு மனசு குளிர்ந்துவிடும். போன மாதம் அப்படி ‘செல்லமாக’ச் சறுக்கி வந்தவளின் ஷூ ஆணி, பேஸைக் காத்து நின்ற கேட்சர் பெண்ணின் முழங்காலைக் கிழித்துவிட்டது. காலைத் தூக்கிச் சறுக்கினால் வெளியேற்ற வேண்டும் என்பது விதி. அக்கா அந்தப் பெண்ணை வெளியே அனுப்பினாள். கோச்சை?

“நான் மெதுவாப் போன்னுதானே சொன்னேன்?” என்று கையை விரித்தான் தம்பி. விசாரித்த பெரிய மனிதர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். பழி முழுக்க அந்தச் சின்னப் பெண்ணின் தலையில். அக்காவுக்குச் சந்தேகம் விடவில்லை. அடப்பாவி, அந்தச் சொல்லுக்குள் என்னத்தை ஒளித்து வைத்திருக்கிறாய்? ஆனால் கேட்டால் அவன் அணியில் எவள் வாயைத் திறப்பாள்?

இன்று அதே இரண்டு அணிகளுக்கும் இறுதி ஆட்டம். காயம்பட்டவள் கட்டுப் போட்ட காலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பதிலாக ஒரு நோஞ்சான் பெண் கேட்சராக நின்றாள். தம்பியின் மகளே ஓடி வந்தாள். இந்த ஓட்டம் கிடைத்தால் கோப்பை அவர்களுக்கு.

“செல்லமாப் போ!”

அவள் காலைத் தாழ்த்தி, ஓரமாகச் சறுக்கினாள். பந்து முந்திக்கொண்டு கேட்சர் கைக்கு வந்துவிட்டது.

“அவுட்!” என்றாள் அக்கா.

தம்பிக்குத் தலைக்கேறிவிட்டது. பாய்ந்து வந்து மகளிடம் கத்தினான். “செல்லமான்னா காலைத் தூக்கி அடின்னு எத்தனை தடவைடி சொல்றது? மண்டையில என்ன களிமண்ணா?”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அத்தனை பேரும் கேட்டுவிட்டார்கள். பெஞ்சில் இருந்தவளும்தான்.

“அவ கட்டுப் போட்ட காலைப் பாத்தேன்ப்பா. மனசு வரல” என்றாள் மகள்.

“அக்கா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம்...” என்று குழைந்தான் தம்பி.

“வீடு என்னடா வீடு! பிள்ளைங்களை விட்டுப் பிள்ளைங்க காலை உடைக்கிறது, அதுக்குப் பேரு செல்லமா? த்தூ!” அக்காவின் கை வாசலைக் காட்டியது. “நடையைக் கட்டுடா. செல்லமாப் போ!”