பகீத்தும் ஒன்பது மிஸ்டு காலும்

அலெக்சாந்திரியாவில் எங்கள் கட்டடத்துக்கு எட்டு மாடி. லிஃப்ட் உண்டு, ஓடாது. அதன் வேலையையும் சேர்த்துப் பார்ப்பவர் வாட்ச்மேன் பகீத். அஸ்வான் பக்கத்து ஆள். மாடிப்படிக்குக் கீழே உள்ள ஒற்றை அறையில் மனைவி, மகளோடு இருபத்திரண்டு வருடமாக இருக்கிறார்.

எட்டு மாடியிலிருந்து கத்தினால் தொண்டை கட்டும் என்பதால் நாங்கள் மிஸ்டு காலில் குடித்தனம் நடத்துகிறோம். ஒன்று கொடுத்தால் ரொட்டி வாங்கி, பால்கனியிலிருந்து இறக்கும் கூடையில் வைக்க வேண்டும். இரண்டு என்றால் குப்பை. மூன்று என்றால் காரை மறித்து நிற்கும் இன்னொரு காரைத் தள்ள வேண்டும். அதற்காகவே எல்லோரும் கியரும் பிரேக்கும் போடாமல் நிறுத்துவோம். பகீத் போனை எடுக்க மாட்டார், எண்ணுவார். ஒருநாளும் பிசகியதில்லை.

போன மாதம் அவர் போனை நீட்டினார். "உஸ்தாத், தினமும் இது என்னமோ கேட்டு உயிர வாங்குது. என்னன்னு பாருங்க." உஸ்தாத் என்றால் இங்கே வாத்தியார்.

நான் கணக்கு வாத்தியார். போனைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை. "அப்டேட் கேக்குது பகீத் அண்ணே. போட்டா போன் பறக்கும்" என்று நானே அழுத்தினேன்.

பறக்கவில்லை, படுத்துவிட்டது. அந்தக் கிழட்டுப் போனுக்குப் புதுச் சரக்கின் கனம் தாங்கவில்லை. திரையைத் தொட்டால், டீ போட்டுக் குடித்து முடித்த பிறகுதான் அசையும். யார் கூப்பிட்டாலும் மூச்சுக் காட்டாமல் கிடந்துவிட்டு, பிறகு விழித்துக்கொண்டு வந்த கால்களை எல்லாம் கூட்டிக் காட்டும்.

மூன்றாம் மாடியில், ஹஜ் போய்வந்த பெரியம்மா ஹாஜ்ஜா இன்ஷிராஹ் ரொட்டிக்கு ஒன்று கொடுத்தார். பதில் இல்லை. இன்னொன்று கொடுத்தார். பிறகு இன்னொன்று. போன் விழித்தபோது மூன்று. பகீத் ஓடிப்போய் அவர் காருக்கு முன்னால் நின்ற காரை மூச்சு வாங்கத் தள்ளிவிட்டு, மேலே பார்த்து வணக்கம் வேறு வைத்தார். ஹாஜ்ஜா காலிக் கூடையைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார்.

இதையாவது சிரித்து விட்டுவிடலாம். எட்டாம் மாடி இன்ஜினியர் முத்வல்லி எங்கள் குடியிருப்போர் சங்கத் தலைவர். அவர் தன் காரை எடுக்க மூன்று, மூன்று, மூன்று என்று கொடுத்தார். பகீத்துக்குக் கிடைத்தது மொத்தமாக ஒன்பது. ஒன்பதுக்கு நாங்கள் அர்த்தம் வைக்கவில்லை. அத்தனை முறை கூப்பிட்டால் அந்த வீட்டில் சாவுதான் என்று அவரே முடிவு கட்டினார். இன்ஜினியர் போய்விட்டார் என்று வழியெல்லாம் கதவைத் தட்டித் துக்கம் சொல்லிக்கொண்டே ஏறினார். கைக்குட்டையைக் கண்ணில் வைத்துக்கொண்டு பதினாறு பேர் போய் நின்றபோது, கதவைத் திறந்தவர் இன்ஜினியர்தான்.

மறுநாள் சங்கக் கூட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரே விஷயம்: பகீத்தை வேலையைவிட்டு அனுப்புவது.

"வேலை போனா அறையும் போயிடும் உஸ்தாத்" என்றார் பகீத். "பொண்ணு இங்கதான் பள்ளிக்கூடம் போறா. எங்க கூட்டிட்டுப் போவேன்?" அப்டேட்டைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

கூட்டம் எப்போதும்போல மொட்டை மாடியில். சாயங்காலம் எல்லோரும் ஏறி வந்துவிட்டோம். நாற்காலிகள் மட்டும் வரவில்லை, அவை கீழே இருந்தன; கூட்டம் எப்போது என்று பகீத்திடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆளுக்கு ஒன்றாகப் பகீத்துக்குக் கால் போட்டோம். பதில் இல்லை. இறங்கிப்போய்ச் சொல்ல ஒருவருக்கும் கால் வரவில்லை. ஹாஜ்ஜா தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்.

அரைமணி கழித்து பகீத் வியர்வையோடு வந்தார். "பன்னெண்டு காட்டுதுங்க. இந்தத் தடவ யாரு?"

"யாரும் சாகலய்யா!" என்று சீறினார் இன்ஜினியர். "போய் நாற்காலி கொண்டா. உன்னை அனுப்புறதப் பத்திப் பேசணும். நின்னுக்கிட்டா பேச முடியும்?"

பகீத் இறங்கினார். நான்கு நான்காக, மூன்று நடை. முதுகுவலிக்காரருக்குச் சாய்வானது, ஹாஜ்ஜாவுக்குத் திண்டு வைத்தது. நாங்கள் உட்கார்ந்தோம். அவர் நின்றார்.

"அனுப்பலாம்ங்கிறவங்க கை தூக்குங்க."

கைகள் எழுந்தன. எனக்குப் பொறுக்கவில்லை. "அவர் போனைக் கெடுத்தது நான்தான்" என்றேன்.

"நான் செத்துட்டேன்னு வீடு வீடா சொன்னதும் நீங்கதானா?" என்றார் இன்ஜினியர்.

அப்போது ஹாஜ்ஜா கேட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. இவன அனுப்பிட்டா இந்த நாற்காலியெல்லாம் யாரு கீழ இறக்குறது?"

எல்லோரும் படிக்கட்டைப் பார்த்தோம். ஒவ்வொரு கையாக இறங்கியது. இன்ஜினியர் கடைசியாகத் தன் கையை இறக்கி, தாளில் 'அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு' என்று எழுதினார்.

பகீத் அதற்குள் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கிவிட்டார். "இன்ஜினியர் சார், அடுத்த தடவ என்னை அனுப்புறதுன்னா முந்தின நாளே வாயால சொல்லிடுங்க" என்றார். "நாற்காலிய நேரத்தோட மேல ஏத்தணும்ல."