சத்தம் கேட்டால் சபாஷ்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித் தருவதென்றால் பாதி நேரம் மௌசுக்கு நடக்கும் சண்டையைத் தீர்ப்பதுதான் வேலை. மீதி நேரத்துக்கு டீச்சர் ஒரு வழி வைத்திருந்தாள்: சொல் அட்டை. திரையில் ஒரு பசு. அதைத் தொட்டால், செய்த பிள்ளையின் குரலிலேயே 'பசு' என்று கேட்கும். வண்ணவண்ணமான கட்டளைக் கட்டங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வைத்தால் புரோகிராம் தயார். மொழிப் பாடமும் அதிலேயே முடிந்துவிடும்.

அவள் கணவர் பஸ் கண்டக்டர். 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்று ஊரையே உள்ளே தள்ளிய தொண்டை. வீட்டிலும் வாய் ஓயாது. "கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்று அவள் அலுத்துக்கொள்ளாத நாளில்லை. பக்கவாதம் வந்து கையையும் பேச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. கை பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை.

பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். "ஒரு வார்த்தை வந்துட்டா மத்தது பின்னாடியே வரும். இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா ரொம்ப எதிர்பார்க்காதீங்கம்மா."

மாசமோ முடியப் போகிறது. அந்த ஒரு வார்த்தைக்காக டீச்சர் யாரிடம் வேண்டுமானாலும் கையேந்தத் தயாராக இருந்தாள். கடைசியில் பிள்ளைகளிடமே ஏந்தினாள்.

"எங்க வீட்டு மாமாவுக்குப் பேச வரல. அவருக்கு அட்டை செஞ்சு தரீங்களா?"

தண்ணீர், கதவு, பறவை, பஸ் என்று படங்கள் குவிந்தன. வகுப்பிலேயே வாயாடி என்று பேர் வாங்கிய பெண் மட்டும் ஒப்பவில்லை. "மிஸ், மெஷினே சொல்லிட்டா மாமா எதுக்குச் சொல்லணும்? அவர் சொல்ற வரைக்கும் அது காத்திருக்கட்டும்."

அவர் சொன்னார் என்று மெஷினுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் அவளே வழி சொன்னாள். மைக்கில் சத்தம் கேட்டால் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். உடனே மொத்த வகுப்பும் சேர்ந்து கத்திய "சபாஷ் மாமா!" ஒலிக்கும், அடுத்த படம் வரும். அது வார்த்தையைக் கேட்காது, சத்தத்தைத்தான் கேட்கும், நாற்காலி நகர்ந்தாலும் சபாஷ் போடும் என்று டீச்சருக்குத் தெரியாதா என்ன. வீட்டில் வேறு சத்தமே இல்லாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ஆசை யாரை விட்டது.

அன்று சாயங்காலம் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, லேப்டாப்பை அவர் முன் சற்றுத் தள்ளி வைத்தாள். திரையில் ஒரு டம்ளர் தண்ணீர். அவர் பார்த்தார். உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது. மெஷின் காத்திருந்தது. 'அவசரமில்லைங்க, மெதுவா' என்று சொல்லத் துடித்தாள். சொன்னால் அவளுக்கல்லவா சபாஷ் விழும். சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

திடீரென்று அவர் உடைந்துபோனார். ஆஸ்பத்திரியில்கூட அழாத மனிதர் வாய்விட்டு அழுதார்.

"சபாஷ் மாமா!"

கதவு வந்தது. அழுகை நிற்கவில்லை. "சபாஷ் மாமா!" பறவை வந்தது. "சபாஷ் மாமா!" அவர் இடது கையால் லேப்டாப்பைத் தள்ளப் பார்த்தார், கைக்கு எட்டவில்லை. அதை மூடியிருக்க வேண்டியவள் அவரைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள். யார் அழுதால் மெஷினுக்கு என்ன? அத்தனை அட்டைக்கும் சபாஷ் போட்டுவிட்டு, எல்லாம் சரி என்று திரையில் நட்சத்திரங்களைக் கொட்டியது.

மறுநாள் வகுப்பு வாசலிலேயே பிள்ளைகள் மொய்த்துக்கொண்டார்கள். "மிஸ், மாமா எத்தனை சொன்னாரு?"

"எல்லாத்தையும்."

ஒரே கைதட்டல். வாயாடி அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டாள். "அப்ப இது அவருக்கு ரொம்ப ஈஸி மிஸ். இன்னும் கஷ்டமான வார்த்தையா செய்யலாமா?"



"செய்ங்க" என்றாள் டீச்சர். அந்த ஒரு வார்த்தை வெளியே வர அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.