வீட்டிலிருந்தே வெளிநாடு போனவள்

என் தம்பி பெண்டாட்டி க்ளாரிபெல்லுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். பதில் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் நாய்களுக்கு விடுதி நடத்தும் ஒரு அம்மாளுக்கு உதவியாளர் என்பேன். "ஆஸ்திரேலியாவுலயா? இப்பத்தான உன் கடையில குழம்பு வாங்கிட்டுப் போனா?" என்பார்கள். எங்கள் ஓட்டோன் ஊரில் வேலை என்றால் சீருடை போட்டுக்கொண்டு பக்கத்து இலோயிலோ நகரத்துக்கு ஜீப்னி வண்டி ஏற வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். வீட்டுக்குள் உட்கார்ந்து கணினியோடு பேசுவதெல்லாம் வேலையில் சேர்த்தியா?

விமானமும் ஏறிப் பார்த்தவள்தான் அவள். குவைத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவி, துணி துவைத்து, அவர்கள் பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு வந்தாள். அவள் பெற்ற பிள்ளை ஆல்தியாவைத் தூங்கவைத்தது நான். நடக்க ஆரம்பித்திருந்த குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனவள், அது வாயாடும் வயதில் திரும்பி வந்தாள். விமான நிலையத்தில் அம்மாவைப் பார்த்ததும் ஆல்தியா என் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். க்ளாரிபெல் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கியதும், இனி எங்கேயும் போக மாட்டேன் என்றாள்.

எங்கள் தெருவில் திரும்பி வருகிற ஒவ்வொருத்தியும் சொல்கிற வசனம் அது. அரிசி டப்பா காலியானதும் அதே பெண்கள் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி வாசலில் நிற்பார்கள். என் தம்பி ஜுன்ரெய் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறான். அதில் வருவது அன்றன்றைக்குச் சரியாகப் போய்விடும். ஏஜென்சிக்காரி தோஹாவில் வேலைக்கு ஒரு வீடு தயாராக இருப்பதாக விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், வரைக்கும் பார்ப்பது. அதற்குள் இங்கேயே நிலையாக ஒரு வேலை அமையாவிட்டால், அடுத்த செவ்வாய்க்கிழமை போய்த் தோஹாவுக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவது.

வீட்டிலிருந்தே பார்க்கிற இந்த வேலையை அவளுக்குச் சொன்னது குவைத்தில் கூட இருந்த ஒருத்தி. பேஸ்புக்கில் இலவச வகுப்பு நடக்கிறதாம். வெளிநாட்டு முதலாளிகளுக்குக் கடிதம் பார்ப்பது, சந்திப்புகளைக் குறித்துவைப்பது, வாடிக்கையாளருக்குப் பதில் போடுவது, எல்லாம் இங்கிருந்தே செய்யலாமாம். பழைய மடிக்கணினி ஒன்று வாங்கினாள். காலையில் குளித்து, உதட்டுச் சாயம் பூசி, மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே வீட்டு அரைக்கால் சட்டையுமாகக் கதவைச் சாத்திக்கொண்டு இங்கிலீஷில் சிரிப்பாள். சத்தம் போகும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவாள். வியர்த்துக் கொட்டி வெளியே வருவாள். தெருவில் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரக் கிழவன் ஒருவன் மாட்டியிருக்கிறான் என்றார்கள். எனக்கும் ஒருநாள் சந்தேகம் வந்து, குழம்பு கொடுக்கிற சாக்கில் உள்ளே போய்த் திரையை எட்டிப் பார்த்தேன். கட்டம் கட்டமாக ஒரு நாள்காட்டிதான் இருந்தது.

முதலில் ஓர் அமெரிக்கர் கிடைத்தார். வீடு வாங்கி விற்கிறவர். செய்ய முடியுமா என்று எதைக் கேட்டாலும் முடியும் சார் என்றாள். தெரியாததையும் முடியும் என்றாள். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற பழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. ரொம்ப முடியாதென்றால் பார்க்கலாம் என்போம், கேட்கிறவன் புரிந்துகொண்டு போய்விடுவான். அமெரிக்கர் புரிந்துகொள்ளவில்லை. வேலை குழம்பியதும் ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் இவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கணினியை மூடி அலமாரியில் வைத்துவிட்டுப் பதிலே போடாமல் இருந்துவிட்டாள். அவரோடு அந்த வேலையும் போயிற்று.

அதற்குப் பிறகு அமைந்தவர்தான் கெர்ரி. மெல்போர்னுக்கு வெளியே, ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் நாய்களை விட்டுவிட்டுப் போக விடுதி நடத்துகிறவர். நேர்காணலே வேடிக்கையாக முடிந்தது. எங்களுக்கு ஆமாம் சொல்ல வாய் வேண்டியதில்லை, புருவத்தைத் தூக்கினால் போதும். வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதுவாயா என்று கெர்ரி கேட்க, இவள் புருவத்தைத் தூக்கியிருக்கிறாள். அந்த அம்மாள் மறுபடி கேட்டார். இவள் இன்னும் நன்றாகத் தூக்கினாள். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து அவர் மூன்றாவது முறை கத்த, கதவுக்கு வெளியே நின்ற ஜுன்ரெய்தான் "வாயைத் தொறந்து சொல்லுடி" என்று அதட்டினான். அதுவும் கெர்ரி காதில் விழுந்து அவர் சிரித்துவிட்டாராம். உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் சோதனைக்காக வைத்துக்கொள்கிறேன், பிறகு பார்க்கலாம் என்றார். அவர் சொன்ன பார்க்கலாம் நிஜமாகவே பார்க்கலாம்தான்.

வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு நாய்க்கு வானொலி பாடாவிட்டால் தூக்கம் வராது, இன்னொன்று தோல் நீக்கிய கோழி மட்டும்தான் தின்னும் என்றெல்லாம் சாப்பிடும்போது சொல்வாள். எங்கள் தெரு நாய்களுக்குப் பேச்சு புரிந்தால் தாரை தாரையாகக் கண்ணீர் வரும். ஆனால் அவளுக்கு அந்த நாய்கள் அத்தனையும் பெயரோடு மனப்பாடம். கெர்ரிக்கு நம்பிக்கை வந்து, விடுதியில் இடம் பதிவு செய்கிற நாள்காட்டி முழுவதையும் இவள் கையில் கொடுத்துவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. நாள்காட்டியைக் கையில் வாங்கியவள் முதல் வேலையாகப் புனித வாரத்தைத் தேடினாள். பெரிய வியாழனிலிருந்து ஞாயிறு வரை விடுதி மூடல் என்று குறித்துவிட்டாள். அந்த நாள்களில் இடம் கேட்டு எழுதியவர்களுக்கெல்லாம், புனித வாரத்தை முன்னிட்டு விடுமுறை, குடும்பத்தோடு ஜெபத்தில் செலவிட வாழ்த்துகள் என்று பதில் போட்டாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. கெர்ரியைக் கேட்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. பொழுது சாய்ந்தால் விளக்கேற்ற யாராவது அனுமதி கேட்பார்களா? பெரிய வெள்ளியன்று எங்கள் ஊரில் சந்தை கிடையாது, வண்டி கிடையாது. மூன்று மணிக்கு மேல் குளிக்கக்கூட மாட்டோம். அன்றைக்கு வெட்டுப்பட்டால் காயம் ஆறாது என்று பிள்ளைகளை ஓடவும் விட மாட்டோம். கர்த்தர் இறந்துகிடக்கிற நாளில் எவனாவது நாயை விட்டுவிட்டு உல்லாசப் பயணம் போவானா?

போவானாம். அந்த நாட்டில் ஊரே வண்டியெடுத்துக்கொண்டு கிளம்புகிற நாள் அதுதானாம். கெர்ரிக்கு வருஷத்திலேயே பெரிய வியாபாரம் அந்த நாலு நாள்தானாம். புனித வாரத்துப் புதன்கிழமை காலையில் அவர் நாள்காட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார். ஏன் எல்லாம் காலியாக இருக்கிறது, க்ளாரிபெல், இருக்கிறாயா என்று செய்தி வந்தது. இவள் படித்தாள். கணினியை மூடினாள்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வியாழக்கிழமை காலையில் என் கடைச் சமையலறைக்கு வந்து, நான் கேட்காமலே கிழங்கு உரிக்க ஆரம்பித்தாள். மறுநாள் பெரிய வெள்ளிக்குத் தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் போட்டுக் காய்ச்சுவதற்காக நான் குவித்துவைத்திருந்த கிழங்கு. கேட்காமல் உதவி செய்கிறவள் இல்லையே இவள் என்று எனக்குத் திக்கென்றது. என்னடி விஷயம் என்று அதட்டியதும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். எங்கள் பக்கம் அக்காவை மனாங் என்போம்.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அந்தம்மாகிட்ட பேசுவேன் மனாங்? அவங்க பொழப்பையே மூடிப்புட்டேன்."

எனக்குத் தெரிந்த வழியைச் சொன்னேன். கரண்ட் போய்விட்டது என்று எழுது, இல்லையென்றால் பாட்டி செத்துவிட்டாள் என்று எழுது, வெள்ளைக்காரர்கள் சாவென்றால் மேலே கேட்க மாட்டார்கள் என்றேன்.

"பாட்டிய அமெரிக்காக்காரருக்கே ரெண்டு தடவை கொன்னாச்சு மனாங்."

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பிள்ளை இப்போதுதான் அவள் பக்கத்தில் படுக்கப் பழகியிருந்தது. இவள் மறுபடி கிளம்பினால் அது மறுபடி என்னிடம் வரும். எனக்கு அதில் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. வயிற்றெரிச்சலில் வாய் என்னையும் மீறிப் பேசிவிட்டது.

"அப்ப விட்டுத் தொலை. செவ்வாக்கெழமை போய்க் கையெழுத்துப் போடு. புள்ள எங்கிட்ட வளரட்டும். அதான் பழகுனதுதானே?"

கத்தி அவள் கையில் அப்படியே நின்றது. என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. கத்தியைக் கழுவி வைத்தாள், கையைத் துடைத்தாள், வீட்டுக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே ஓடினேன். உதட்டுச் சாயம் பூசவில்லை, சட்டை மாற்றவில்லை. வீங்கின கண்ணோடு அப்படியே கெர்ரியைக் கூப்பிட்டாள்.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனாலும் அவள் சொன்னது புரிந்தது. நான்தான் மூடினேன், உங்களைக் கேட்காமல் மூடினேன், எங்கள் ஊரில் அன்றைக்கு எல்லாம் மூடியிருக்கும், நேற்று வெட்கப்பட்டு ஒளிந்துகொண்டேன் என்றாள். பாட்டியைக் கொல்லவில்லை. பிறகு கெர்ரி பேசியதை அவள்தான் எனக்கு எடுத்துச் சொன்னாள்.

"நீ தப்பு பண்ணா ரெண்டு பேருமா ஒக்காந்து சரி பண்ணலாம். நீயே காணாமப் போயிட்டா நான் யாரோட ஒக்காருவேன்?"

வேலையில் வைத்துக்கொள்வாரா என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. முதலில் நாய்களைக் கொண்டுவா, மற்றதைத் திங்கட்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டார்.

வாழ்த்துச் சொல்லித் திருப்பி அனுப்பிய ஒவ்வொருவரையும் க்ளாரிபெல் கூப்பிட ஆரம்பித்தாள். சிலர் வேறு விடுதி பார்த்துவிட்டிருந்தார்கள். ஒருவர் அவளைத் திட்டித் தீர்த்தார். ஒரு கிழவர், இடம் கிடைக்காததால் மகளைப் பார்க்கப் போவதையே கைவிட்டிருந்தாராம், அழாத குறையாக நன்றி சொன்னாராம். பெரிய வெள்ளியன்றும் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்குப் போய் வேலை செய்கிறாயே, காயம் பட்டால் ஆறாது தெரியுமா என்று ஜன்னல் வழியாகக் கேட்டேன். டைப் அடிப்பதில் என்ன காயம் பட்டுவிடும் என்றாள். மாலையில் ஊர்வலம் எங்கள் தெருவுக்கு வந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கர்த்தரின் திருவுடல் சிலையைச் சுமந்து வந்தார்கள். அவள் எழுந்து, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, பெட்டி தாண்டிப் போகும்வரை நின்றாள். பிறகு உட்கார்ந்து அடுத்தவரைக் கூப்பிட்டாள். நான் கர்த்தரிடம் அவளுக்காகத் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை கெர்ரி ஒரு படம் அனுப்பினார். கம்பிக்கதவு தோறும் ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. சில அறைகள் காலியாகவும் இருந்தன. அதையும் மறைக்காமல் படம் எடுத்திருந்தார்.

திங்கட்கிழமை அவர் கூப்பிட்டபோது ஜுன்ரெய் வண்டியை எடுக்கவே இல்லை. நானும் கடையைத் திறக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் நின்றோம். ஆல்தியா மட்டும் எதுவும் தெரியாமல் மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். கெர்ரி சுற்றி வளைக்கவில்லை. வேலை உனக்குத்தான், ஆனால் எங்கள் ஊரில் எப்போது கூட்டம், உங்கள் ஊரில் எப்போது விடுமுறை, இரண்டையும் இன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுவோம் என்றார். பேசினார்கள். அங்கே ஒரு குதிரைப் பந்தயத்துக்கு அரசாங்க விடுமுறையே உண்டாம். குதிரை ஓடினால் விடுமுறை, கர்த்தர் இறந்தால் வியாபாரம். நல்ல நாடு.

செவ்வாய்க்கிழமை ஏஜென்சிக்காரி கூப்பிட்டாள். பார்க்கலாம் என்று இழுப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"வரல மேடம். எனக்கு வேலை இருக்கு. வேற யாருக்காவது குடுங்க," என்றாள்.

எங்கள் குடும்பத்தில் ஒருத்தி இப்படி நேருக்கு நேர் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கே கூச்சமாக இருந்தது. உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

அதற்குப் பிறகு கெர்ரியின் தங்கையும் தன் பூக்கடைக் கடிதங்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். ஜுன்ரெய் பலகை அடித்து ஒரு சின்ன அறை கட்டினான். பக்கத்து வீட்டுச் சண்டைச் சேவலின் கூவலை மட்டும் எந்தப் பலகையாலும் தடுக்க முடியவில்லை. கெர்ரிக்கு இப்போது அந்தச் சேவலின் பெயர்கூடத் தெரியும்.

ஜூன் மாதம் ஆல்தியாவைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். முதல் நாள் வகுப்பு முடிகிற நேரத்துக்கு நானும் போயிருந்தேன். வேலைக்கு இடையில் ஓடிவந்த க்ளாரிபெல், காதில் மாட்டுவது கழுத்தில் தொங்க, சோற்றுப் பொட்டலத்தோடு ஜன்னலோரம் நின்றாள். உள்ளே டீச்சர் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். யாருடைய அப்பா அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கிறார்கள், கையைத் தூக்குங்கள் என்றார். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. சவூதி என்றது ஒன்று, ஹாங்காங் என்றது ஒன்று, கப்பலில் என்றது ஒன்று. எங்கள் பிள்ளையும் கையைத் தூக்கியிருந்தது. ஆஸ்திரேலியா என்றது.

டீச்சருக்குப் பாவமாகப் போயிற்று. குனிந்து அதன் தலையைத் தடவினார்.

"அம்மா எப்பம்மா வருவாங்க?"

"வந்துட்டாங்களே டீச்சர். அந்தா நிக்கிறாங்க. சோறு கொண்டாந்திருக்காங்க."

கையைத் தூக்கியிருந்த பிள்ளைகள் எல்லாம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்கள்.